சிட்டு நிற்கிற படமும் ஒரு முழங்கையும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, முட்டி வலி வழக்கம்போல மாடிப்படியில் மட்டும்தான் வருகிறது, நீயும் மாப்பிள்ளையும் அம்மாவும் நன்றாக இருக்கிறீர்கள் என்பது போனிலேயே தெரிகிறது, குழந்தையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அந்த வீட்டிலேயே சௌக்கியம் நிரம்பி வழிவது அவள் ஒருத்திக்குத்தான். என் மனசு எப்படி இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல்ல முடியாது, படித்துக்கொண்டே வா. வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி லேபுக்கு ஏன் அனுப்பியிருக்கிறேன் என்று யோசிப்பாய். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா என் கையெழுத்தைப் பார்த்ததுமே பிரித்துவிடுவாள், முதலில் நீ படிக்க வேண்டும், அதற்காகத்தான். போனில் பேசக் கூடாதா என்று கேட்காதே. ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் நடுவில் வைத்துவிடுகிறீர்கள், நான் தொண்டையைக் கனைத்து ஆரம்பிப்பதற்குள் சிட்டு அதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள், அப்புறம் நான் பார்ப்பதெல்லாம் அவளுடைய உள்நாக்கைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று கேட்டாய். அம்மா இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டுமாப்பா, சிட்டு இப்பதான் நடக்கப் பார்க்கறா, இந்த நேரத்துல அவளைக் காப்பகத்துல விட மனசே வரல, டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுடட்டுமா என்றாய். நானும் அதுக்கென்ன, தாராளமா இருக்கட்டும் என்றேன். நீ தேங்க்ஸ்ப்பா என்றாய், மாப்பிள்ளை பின்னாலிருந்து கும்பிட்டார், அம்மா குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாராளம் பொய்யம்மா. அத்தனை முகம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷன் வேறென்ன சொல்வான். போனை வைத்துவிட்டு நம் ஃபிரேம் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினால் பாதியில் நின்றுவிட்டது, எண்ணெய் போடவில்லை என்று அதைத் திட்டினேன், நான் திட்டியது ஷட்டரை இல்லை என்று பக்கத்து மருந்துக் கடைக்காரருக்கே புரிந்துவிட்டது, என்னண்ணே வீட்ல ஏதாச்சுமா என்று கேட்டார்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பொறாமை. என் முட்டி உயரம்கூட இல்லாத ஒருத்தியைப் பார்த்து, அதுவும் என் சொந்தப் பேத்தியைப் பார்த்து, எனக்கு வயிறு எரிகிறது. சிரிக்காதே, சிரித்தால் மேலே படிக்காதே. உன் அம்மா கிளம்பும்போது என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியாது, பெட்டியைப் பூட்டிக்கொண்டே, பிரசவம் ஆகிக் குழந்தைக்குக் கழுத்து நின்னதும் ஓடி வந்துடறேங்க, அதுவரைக்கும் சமாளிச்சுக்குங்க என்றாள். கழுத்து நின்றது. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குப்புற விழப் போறா, அந்த நேரத்துல ஆள் இல்லைன்னா கட்டில்லேர்ந்து உருண்டுடும் என்றாள். குப்புற விழுந்தாள். இனிமே தவழுவா, தரையில கிடக்கறதை எல்லாம் வாயில போட்டுக்குவா, நம்ம பொண்ணு வேலைக்குப் போகணும் என்றாள். தவழ்ந்தாள். பல் முளைக்கப் போகுது, வயித்தால போகும் என்றாள். மற்றக் குழந்தைகள் வளர வளரத் தாத்தாக்களுக்குச் சந்தோஷம், எனக்கு மட்டும் இவள் ஒவ்வொரு படி ஏறும்போதும் டிக்கெட் ஒரு படி தள்ளிப் போனது.

அவள் தன் கையைக் கண்டுபிடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடை திறக்கிற நேரத்தில் போன் வந்தது. என்னமோ ஏதோ என்று எடுத்தால், ஏங்க, இவளுக்குக் கைன்னு ஒண்ணு இருக்கறதே இன்னிக்குத்தாங்க தெரிஞ்சுது, முஷ்டியைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, இது யாருதுன்னு விசாரிக்கற மாதிரியே பார்க்கறா என்று உன் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. அதே வாரம்தான் நான் உப்பைக் கண்டுபிடித்தேன். சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் உப்பும், டீத்தூள் டப்பாவில் சர்க்கரையும் வைத்து நடத்தியிருக்கிறாள் இத்தனை வருஷம், ஒரு வாய் டீ குடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னேன். அது எல்லாருக்கும் தெரியுமே என்றாள். கை இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும், அதற்கு மட்டும் ஏன் மூச்சு வாங்கினாளோ.

அப்புறம் காலைக் கண்டுபிடித்துக் கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டாள், அது என்னால் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றதில் நான் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவள் சுவரைப் பிடிக்காமல் உட்கார்ந்த மாதத்தில் நான் சோறு குழையாமல் வடிக்கக் கற்றுக்கொண்டேன். அவள் வாழைப்பழத்தைக் காதுவரை பூசிக்கொண்டதற்கு எல்லோரும் கைதட்டினீர்கள், நான் முட்டை வறுத்துக் கரண்டியில் பாதி, அடுப்பில் பாதி போனதற்கு, அடுப்பைத் துடைச்சீங்களா என்று மட்டும் உன் அம்மா கேட்டாள். பல் விஷயத்தில்தான் எனக்கு ரொம்பவே ஆறவில்லை. சிட்டுக்குக் கீழே ஒரு அரிசிப் பல் எட்டிப் பார்த்த அதே வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள், கன்னம் வீங்கிக் கிடந்தேன், உன் அம்மா அந்த அரிசிப் பல்லைப் பற்றி, அதன் வெளுப்பைப் பற்றி, அது ஸ்பூனில் பட்டால் டிங் என்று கேட்பதைப் பற்றிப் பேசித் தீர்த்தாள். எனக்குப் பல் போச்சு என்றேன், வார்த்தை சரியாக வரவில்லை. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க என்றாள். எந்த டப்பாவில் உப்பு என்று தெரிந்திருந்ததால் பிழைத்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதையெல்லாம் யாரிடம் சொல்வது. ஸ்பூனைக் கீழே போட்டால் சத்தம் வரும், சத்தம் வந்தால் பாட்டி குனிந்து எடுத்துத் தருவாள் என்று உன் பெண் கண்டுபிடித்திருக்கிறாள் அல்லவா, அதை நான் போனில் பார்த்தேன். போடுகிறாள், உன் அம்மா எடுக்கிறாள், மறுபடி போடுகிறாள், மறுபடி எடுக்கிறாள், ஒவ்வொரு தடவையும் என் தங்கம் என்று ஒரு சர்டிபிகேட் வேறு. கல்யாணமான நாளிலிருந்து நான் கீழே போட்ட எதையும் அவள் எடுத்துத் தந்ததில்லை, உங்க கைக்கு என்ன கேடு என்றுதான் கேட்பாள். இத்தனைக்கும் அவளுக்கு இடுப்பு வலி. அந்த வலிக்கு எண்ணெய் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தவன் நான், இப்போது அந்த இடுப்பில் உட்கார்ந்து ஊர் சுற்றுவது சிட்டு. எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

முந்தின வாரம் உன் அம்மா போனில் துண்டு விளையாட்டு விளையாடிக் காட்டினாள், அப்போது நீ லேபில் இருந்தாய். உன் அம்மா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆளைக் காணோம், ஆளைக் காணோம் என்கிறாள், பிறகு துண்டை எடுத்து, இதோ என்கிறாள், சிட்டு உடம்பெல்லாம் குலுங்கிச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். உன் அம்மா எனக்கு விளக்கமாகச் சொன்னாள், முன்னெல்லாம் துண்டைப் போட்டா ஆள் போயிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு வேற பக்கம் திரும்பிடுவா, இப்ப துண்டுக்குப் பின்னால ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு, அதான் நான் பக்கத்து ரூமுக்குப் போனாக்கூடக் கதவையே பார்த்துக்கிட்டு அழறா, ரொம்ப நேரம் துண்டை எடுக்காம இருந்தாலும் உதட்டைப் பிதுக்கிடறா என்று. கண்ணுக்குத் தெரியாத ஆளும் எங்கேயோ இருப்பாள், அதனால்தான் அழுகை வருகிறது என்பது எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் போன் சிட்டுவின் வாய்க்குள் போய்விட்டது.

மாப்பிள்ளை, நீங்களும் இங்க வந்துடுங்களேன் மாமா என்று கூப்பிட்டார், நல்ல மனசு, ரயில் ஓட்டுகிறவருக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் தோன்றும். ஒரு மாதம் வரலாம், மிஞ்சிப் போனால் இரண்டு மாதம். அதற்கு மேல் நான் அங்கே என்ன செய்வேன், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது, எனக்கு என் மேசையும் கத்தியும் வேண்டும். இங்கே நம் கடைக்கு ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளும் படமாக வருகிறார்கள், குளிக்கிற குழந்தை, கொட்டாவி விடுகிற குழந்தை, தாத்தா தோளில் உட்கார்ந்து அவர் காதைப் பிடித்துத் திருகுகிற குழந்தை. அந்தத் தாத்தா படத்துக்குச் சட்டம் போடும்போது மட்டும் கொஞ்சம் மட்டமான கண்ணாடியை வைத்துவிடலாமா என்று தோன்றியது, வைக்கவில்லை, தொழில் தர்மம் தடுத்தது.

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாக எழுந்து நின்றாளே, அந்தப் படத்தை அனுப்பி, இதைப் பெருசா பிரிண்ட் போட்டு ஃபிரேம் பண்ணிக் கடைக் கண்ணாடியில வைங்க, ஊரே பார்க்கட்டும் என்று உன் அம்மா உத்தரவு போட்டிருந்தாள். நீ டிக்கெட்டைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டதற்கு மறுநாள் திங்கள்கிழமை காலை, அந்த வேலையில் உட்கார்ந்தேன். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளை மவுண்ட் அட்டை வைப்போமே, அதில் ஜன்னல் மாதிரி வெட்டி, படத்தில் யார் முக்கியமோ அவர்கள் அந்த ஜன்னலுக்கு நடுவில் வருகிற மாதிரி பொருத்துவது, உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதான். கல்யாணப் படமென்றால் ஜோடி, பட்டமளிப்புப் படமென்றால் பட்டம் வாங்கினவன், இதற்கெல்லாம் நான் அளவுகோல் எடுத்தே எவ்வளவோ காலமாகிறது, கண்ணே சொல்லிவிடும், கை வெட்டிவிடும். அப்படியே வெட்டி, ஒட்டி, கண்ணாடி துடைத்து, தேக்கு நிறச் சட்டம் போட்டு, கடை முகப்பில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தேன். தூர நின்றும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மருந்துக் கடைக்காரர் டீயோடு வந்தார். பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், அண்ணே, பேத்தி படம்னு சொன்னீங்களே, பேத்தி எங்கண்ணே என்றார். கண் தெரியலையா, நிக்கறா பாருங்க என்றேன். பாதித் தலைதான் தெரியுது, ஒரு காலைக் காணோம், நடுவுல என்னவோ ஒரு முழங்கைல்ல இருக்கு என்றார். வேலைக்குப் போகிற இரண்டு பேரும் நின்று எட்டிப் பார்த்து, ஆமா சார், அட்டை நகர்ந்துபோச்சு போல என்று சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது, இப்ப இதாங்க புது மாடல், உங்களுக்கு மாத்திரை எண்ணத்தான் தெரியும், படத்தைப் பத்தி என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். பாவம், டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு வெளியே இறங்கிப் போய் நின்று பார்த்தேன்.

அவர் சொன்னது சரி. நீ படம் எடுக்கும்போது குழந்தை விழுந்துவிடப் போகிறது என்று உன் அம்மா ஓரத்தில் தரையில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். முகம் இல்லை, தோள் இல்லை, அந்தப் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட கை மட்டும், முழங்கையிலிருந்து விரல் வரை, மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட அந்த நீளத் தழும்பு. அந்தக் கை ஜன்னலுக்கு நட்டநடுவில் இம்மி பிசகாமல் இருந்தது. உன் மகள் அட்டைக்கு அடியில் பாதி போய்விட்டாள். வேண்டுமென்று செய்யவில்லையம்மா, செய்தேன் என்றே எனக்குத் தெரியாது. யார் முக்கியமோ அவர்களை நடுவில் வைக்கிற கை, அது பாட்டுக்கு அதன் வேலையைச் செய்திருக்கிறது.

உள்ளே வந்து போனைத் திறந்து நீங்கள் அனுப்பிய எல்லாப் படத்தையும் முதலிலிருந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் உன் அம்மா இருக்கிறாள், ஒன்றில்கூட முழுசாக இல்லை. குளிப்பாட்டுகிற படத்தில் ஈரக் கை, தவழுகிற படத்தில் ஒரு முட்டி, பல் தெரிகிற படத்தில் குழந்தையின் கீழுதட்டை இழுத்துப் பிடிக்கிற ஒற்றை விரல். அந்த விரலில் நகம் உடைந்திருந்தது, அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. குழந்தைக்கு அந்தப் படத்தில் என்ன கலர் சட்டை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு வருஷமாக நீங்கள் எனக்குக் குழந்தையைக் காட்டிக்கொண்டிருந்தீர்கள், நான் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடையில் யாரும் இல்லை, அதனால் கொஞ்சம் அழுதேன், பிறகு மருந்துக் கடைக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேண்டாத ஒரு இருமல் மருந்து வாங்கி வந்தேன்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சிட்டு உதட்டைப் பிதுக்கினால் வீடே ஓடி வருகிறது, நான் ஒரு வருஷமாக, சமாளிச்சுக்கறேன், எனக்கென்ன குறை என்று வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கு என்ன தெரியும். அதனால் இதை என் அழுகையாகவே எடுத்துக்கொள். டிக்கெட்டைத் தள்ளிப் போடாதே. எனக்கு உன் அம்மா வேண்டும். சமைக்க இல்லை, நான் இப்போது சமைக்கிறேன், துவைக்கவும் இல்லை. கடையிலிருந்து வந்தால் எதிரில் உட்கார்ந்து, இன்னிக்கு யார் யாரு வந்தாங்க என்று கேட்க வேண்டும், உங்க கைக்கு என்ன கேடு என்று திட்ட வேண்டும். துண்டு போட்டு நாளாகிவிட்டது, யாராவது எடுக்க வேண்டாமா.

உனக்கு அங்கே கஷ்டம் என்பது தெரியாமல் எழுதவில்லை. நீ லேபிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார முடியாது, மாப்பிள்ளைக்குப் பகல் எது இரவு எது என்று தெரியாத வேலை, காப்பகத்தில் முதல் வாரம் குழந்தையும் அழும், நீயும் அழுவாய். ஆனால் அது பழகும், அவள் எதையும் பழகிக்கொள்கிற வயசு, நான் அந்த வயசைத் தாண்டிவிட்டேன். இவ்வளவு சொன்னாலும் ஒன்று எனக்கு உறுத்துகிறது. நீ என்னிடம் கேட்டாய், நான் பதில் சொன்னேன், உன் அம்மாவை நாம் இரண்டு பேரும் கேட்கவில்லை, அவள் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஆகையால் நீ படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, என்னம்மா சொல்றே என்று கேள். இருக்கிறேன் என்று சொன்னால் இருக்கட்டும், நான் மறுபேச்சுப் பேச மாட்டேன், மருந்துக் கடைக்காரர் சாட்சி. ஆனால் கேட்கும்போது குழந்தையை அவள் மடியில் உட்காரவைத்துக்கொண்டு கேட்காதே, அது அழுகுணி ஆட்டம். மாப்பிள்ளையைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகச் சொல், அடுத்த தெருவுக்கே போகட்டும், பிறகு கேள்.

ஒரு சின்னப் பார்சலும் தனியாக வருகிறது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரச்சட்டம் இருக்கும், படம் இல்லை, கண்ணாடி இல்லை, ஆணி இல்லை, வார்னிஷும் அடிக்கவில்லை, மூலை எல்லாம் உருட்டி வழவழவென்று தேய்த்திருக்கிறேன். சிட்டு கடிக்கட்டும், கீழே போடட்டும், உடையாது, அதற்குள் மூஞ்சியை விட்டு எட்டிப் பார்க்கட்டும். தாத்தாவின் அன்பு என்று அவளிடம் சொல்லிக்கொள், உனக்கு மட்டும் சொல்கிறேன், இது லஞ்சம். போனில் என் முகத்தை நக்குகிறாளே, அது முத்தம் என்று உன் அம்மா சாதிக்கிறாள். போன வாரம் செருப்பையும் அப்படித்தான் நக்கிக்கொண்டிருந்தாள், அதனால் நான் நம்பவில்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோகத்தான் செய்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், சிட்டு விழுந்து எழுந்து நன்றாக நடக்க வேண்டும், அவளுக்கு எல்லாப் பல்லும் முளைத்து எனக்கு மிச்சமிருப்பதும் நிலைக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் அம்மா வருகிறாளோ அங்கேயே இருக்கிறாளோ, கடை முகப்பில் அந்தப் படத்தை எடுத்துவிட்டேன், இடம் காலியாகக் கிடக்கிறது, அதற்கு உடனே வேறு படம் அனுப்பு. உன் அம்மா படம், நேராக உட்கார்ந்து, முகம் முழுசாகத் தெரிய வேண்டும். குழந்தை பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை, ஓரத்தில் ஒரு கை தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
உன் அம்மாவின் புருஷன்